பண்டைய கிரேக்க வெண்கல நாணயம் வாங்கி அதிலுள்ள தெய்வச் சின்னங்களைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பண்டைய கிரேக்க நாணயம் என்றால் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்க்கக் கிடைப்பது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். வெள்ளி, தங்க நாணயங்களின் விலை அப்படி நினைக்க வைக்கிறது. ஆனால் அன்றைய சந்தையில் மீனும் எண்ணெயும் வாங்கக் கைமாறிய சிறு வெண்கலக் காசுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை இன்று பிரிட்டனில் 30 முதல் 60 பவுண்டுக்குள் சட்டப்படியே வாங்க முடிகிறது. இதை அறிந்த உற்சாகத்தில் நான் அவசரப்பட்டேன். முதல் எட்டு மாதங்களில் வாங்கிய ஐந்து நாணயங்களில் ஒன்று போலி. ஒன்றை நானே கெடுத்தேன். ஒன்று சுங்கத்தில் ஆறு வாரம் கிடந்தது. எஞ்சிய இரண்டில் இருந்த தெய்வங்களுக்கு நான் எழுதி வைத்த விளக்கம் முழுவதும் தவறு என்று பின்னால் தெரிந்தது.

அந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வரிசையை மாற்றிச் செய்தேன். நாணயத்தில் ஒரு தெய்வ முகத்தைப் பார்த்தவுடன் பொருள் சொல்லத் தொடங்கினேன். அது எந்த ஊரின் நாணயம், யார் பெயரில் அடித்தது, எவ்வளவு எடை என்பவற்றை உறுதி செய்யாமல் சின்னத்தின் பொருளுக்குப் போகவே கூடாது. கீழே உள்ள படிகளை அவை இருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். நான் பிரிட்டனில் வசிப்பதால் தொகைகளைப் பவுண்டில் தந்திருக்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் வரி, சுங்க விவரங்களை மட்டும் தங்கள் நாட்டுக்கு ஏற்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் குறுக்கிக்கொள்ளுங்கள்

ஸ்பெயின் முதல் ஆப்கானிஸ்தான் வரை நூற்றுக்கணக்கான நகரங்களும் அரசர்களும் கிரேக்க எழுத்தில் நாணயம் அடித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு நகரத்தையோ ஓர் அரச மரபையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சரிதான், ஆனால் நகரத்திலிருந்து தொடங்குவது எளிது.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பவை மூன்று. முதலாவது, சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை ஆண்ட இரண்டாம் ஹியரோன் வெளியிட்ட, ஒருபுறம் கடல் தெய்வம் பொசைடனின் தலையும் மறுபுறம் திரிசூலமும் கொண்ட காசு. இரண்டாவது, எகிப்தை ஆண்ட தாலமி மரபினரின் ஜீயஸ்-அம்மோன் (கிரேக்கரின் தலைமைத் தெய்வம் ஜீயஸும் எகிப்தியத் தெய்வம் அம்மோனும் இணைந்த உருவம்) தலையும் கழுகும் கொண்ட காசுகள். மூன்றாவது, கருங்கடற்கரையில் இன்றைய துருக்கியின் சாம்சுன் இருக்கும் இடத்தில் இருந்த அமிசோஸ் நகரத்தின் காசுகள். மூன்றுமே சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. அதனால் விலை குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களும் அதிகம். அரிய நாணயத்தை முதல் நாணயமாக வாங்காதீர்கள். ஒப்பிட வேறு பிரதி இல்லாத நாணயத்தில் போலியைக் கண்டுபிடிப்பது புதியவரால் ஆகாது.

2. கருவிகள்

0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, மில்லிமீட்டர் அளவுகோல் இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, தலையைத் திருப்பக்கூடிய ஒரு மேசை விளக்கு. எல்லாம் சேர்ந்து 40 பவுண்டுக்குள் அடங்கும். விளக்கை நாணயத்தின் மேல் நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். தேய்ந்த எழுத்துகள் நிழலில்தான் எழுந்து தெரியும்.

3. யாரிடம் வாங்குவது, என்ன ஆவணம் கேட்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பொதுவான இணையச் சந்தைகளில் பெயர் தெரியாத விற்பனையாளர்களிடம் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிடுங்கள். என் போலி நாணயம் அப்படி வந்ததுதான். கிலோக் கணக்கிலோ நூறு காசுகள் கொண்ட பொட்டலமாகவோ விற்கப்படும் கழுவாத நாணயங்களையும் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி, எங்கிருந்து தோண்டப்பட்டது என்ற எந்தப் பதிவும் இல்லாமல் மண்ணிலிருந்து நேராக வந்தவை. ஒரு காசு எந்தக் கோயிலருகில், எந்த மண்ணடுக்கில், எதனுடன் கிடந்தது என்பது அழிந்துவிட்டால், அதன் சமயப் பொருளைப் பற்றிய மிக நல்ல சான்றும் அதோடு அழிந்துவிடுகிறது. தெய்வச் சின்னங்களுக்காக நாணயம் சேர்ப்பவர் அந்த அழிவுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தொழில்முறை நாணய வணிகர் சங்கங்களில் உறுப்பினராக உள்ள கடைகளிடமும் ஏல நிறுவனங்களிடமும் வாங்குங்கள். பிரிட்டனுக்குள் ஒரு தேசியச் சங்கமும், 1951இல் தொடங்கிய ஒரு சர்வதேசச் சங்கமும் இருக்கின்றன. நாணயம் உண்மையானது என்பதற்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுக்கும் விற்பனையாளர்தான் உங்களுக்கு வேண்டும். பணம் செலுத்துவதற்கு முன்பே கீழ்க்கண்டவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

விலைச்சீட்டில் உங்கள் பெயர், நாணயத்தின் படம், எடை, விட்டம், மேற்கோள் எண் (நாணயப் பட்டியல்களில் அந்த வகைக்கு உள்ள எண்) ஆகியவை இருக்க வேண்டும். வெறுமனே "பழங்கால நாணயம் ஒன்று" என்று எழுதிய சீட்டு பின்னால் எதற்கும் உதவாது. இரண்டாவதாக, நாணயம் முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரம். பழைய சேகரிப்பின் பெயரோ, முந்தைய ஏலத்தின் தேதியும் எண்ணுமோ இருந்தால் நல்லது. கலாசாரப் பொருட்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்ட 1970 என்னும் ஆண்டு இத்துறையில் ஓர் எல்லைக்கோடு. அதற்கு முன்பே சேகரிப்பில் இருந்ததாக ஆவணமுள்ள காசுக்குச் சற்று அதிக விலை கொடுக்கத் தயங்க வேண்டாம். மூன்றாவதாக, வெளிநாட்டிலிருந்து வருவதானால் அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி தேவையா, அதை யார் பெறுவார்கள், எவ்வளவு நாளாகும் என்ற பதில். இத்தாலியிலிருந்து வாங்கினால் அனுமதிக்காக வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பழைய நாணயங்களோடு, பேனாவால் எழுதிய சிறு வட்ட அட்டைகள் சில சமயம் வரும். அவை முந்தைய சேகரிப்பாளர் தன் மரத்தட்டில் நாணயத்தின் அடியில் வைத்திருந்தவை. காகிதக் குப்பை என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். நாணயத்தின் கடந்த நூறு ஆண்டு வரலாற்றுக்கு அதுவே ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

துருக்கிக்கோ கிரீஸுக்கோ சுற்றுலா செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடிபாடுகளுக்கு அருகில் யாராவது "உண்மையான பழைய காசு" என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் அது போலியாக இருக்கும். உண்மையானதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரு நாடுகளிலும் அனுமதியின்றித் தொல்பொருளை வெளியே கொண்டுபோவது கடுமையான குற்றம். அமெரிக்காவில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைப்ரஸ், இத்தாலி, கிரீஸ், துருக்கி ஆகிய நாடுகளின் பல வகைப் பண்டைய நாணயங்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் கலாசாரப் பொருட்களின் இறக்குமதி விதிகள் 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

4. மொத்தச் செலவையும் சுங்கத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை ஆகாது. ஐரோப்பாவில் உள்ள ஒரு ஏலத்தில் 40 பவுண்டுக்கு ஒரு காசு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 சதவீதம் என்றால் 8 பவுண்டு. பல இடங்களில் இது 25 சதவீதம் வரை போகும். பதிவு அஞ்சலும் காப்பீடும் 15 பவுண்டு. இப்போது 63 ஆகிவிட்டது. பிரிட்டனுக்குள் நுழையும்போது 5 சதவீத இறக்குமதி வாட் வரி ஏறத்தாழ 3 பவுண்டு, அதை வசூலிப்பதற்காக அஞ்சல் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கையாளும் கட்டணம் சுமார் 8 பவுண்டு. ஆக 40 பவுண்டுக் காசு 74 பவுண்டில் முடிகிறது. இதனால்தான் வெளிநாட்டு ஏலத்தில் ஒரே ஒரு காசை வாங்காமல், ஒரே ஏலத்தில் மூன்று நான்கை எடுத்து ஒரே பொதியாக வரவழைப்பது நல்லது.

அந்த 5 சதவீதம் தானாகக் கிடைப்பதில்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயவியல் சேகரிப்புப் பொருள் என்ற பிரிவில், 9705.31 என்ற சுங்கக் குறியீட்டு எண்ணோடு பொதியின் வெளிப்படிவம் நிரப்பப்பட்டிருந்தால்தான் அந்தச் சலுகை. என் பொதியை அனுப்பியவர் படிவத்தில் "உலோக வில்லை" என்று எழுதிவிட்டார். சுங்கத்தில் அதை அலங்காரப் பொருளாகக் கருதி 20 சதவீதம் விதித்தார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து, நான் விலைச்சீட்டை அனுப்பி, பொதி கைக்கு வர ஆறு வாரமாயிற்று. அஞ்சலில் வந்த பொதிக்கு அதிகமாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற பி.ஓ.ஆர். 286 என்ற படிவம் இருக்கிறது. அதனோடு விலைச்சீட்டின் நகல், பொதியின்மேல் ஒட்டியிருந்த வரிச்சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஆகவே உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். இதைவிட எளிய வழி, வாங்கும்போதே குறியீட்டு எண்ணை விற்பனையாளருக்கு எழுதி அனுப்பி, "இந்த எண்ணையே படிவத்தில் குறிப்பிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வது.

5. கைக்கு வந்ததும் கழுவாதீர்கள்

செம்புப் பாத்திரமோ குத்துவிளக்கோ களிம்பேறினால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது நம் வீட்டுப் பழக்கம். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்லப்படுவதே செம்பில் ஏறிய களிம்புதான். களிம்பு என்றால் நீக்கப்பட வேண்டியது என்று நமக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் என் இரண்டாவது காசைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். கரும்பச்சையாக வழுவழுத்திருந்த மேற்பரப்பு பத்து நிமிடத்தில் போய், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்த சிவந்த உலோகம் வெளிவந்தது. அப்போலோவின் தலையில் இருந்த இலை மாலை அந்தக் களிம்போடு சேர்ந்தே போய்விட்டது.

நடந்தது இதுதான். இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் வெளிப்புற உலோகமே மெல்ல மெல்லக் களிம்பாக மாறிவிட்டிருக்கிறது. நாணயத்தின் நுண்ணிய வேலைப்பாடு இப்போது இருப்பது அந்தக் களிம்பில்தான், அடியில் உள்ள உலோகத்தில் இல்லை. அதனால் புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பசை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து மூங்கில் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. வெளிர்பச்சை நிறத்தில், விரலால் தொட்டால் மாவுபோல் உதிரும் பொடி தெரிந்தால் அது நல்ல களிம்பு அன்று. உலோகத்துக்குள் தங்கியிருக்கும் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரிக்கத் தொடங்கியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது முதல் உதவி. விலை உயர்ந்த காசானால் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்துவிடுங்கள். வாங்கும் முன் படத்தில் இத்தகைய வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் வாங்காமலே விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

6. எடை, விட்டம், வார்ப்பின் அடையாளங்கள்

எடையையும் விட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்புறத் தலை நிமிர்ந்து நிற்க நாணயத்தை நிலைக்குத்தான அச்சில் திருப்பினால், பின்புற உருவத்தின் உச்சி கடிகாரத்தின் எந்த மணியைக் காட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெண்கலத்தில் எடை வெள்ளியைப்போலத் துல்லியமாக இராது. ஒரே வகைக் காசுகளில் இரண்டு மூன்று கிராம் வேறுபாடு சாதாரணம். ஆனால் 7 கிராம் இருக்க வேண்டிய காசு 3 கிராமோ 14 கிராமோ இருந்தால் வகையைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள், அல்லது காசு போலி.

போலியைப் பற்றிப் படிக்கும்போது "விளிம்பில் வார்ப்புத் தழும்பு இருந்தால் போலி" என்ற விதியைப் பார்ப்பீர்கள். இதை அப்படியே நம்ப வேண்டாம். தாலமி மரபினரின் வெண்கலங்களில் அச்சடிப்பதற்கு முந்தைய வில்லையே வார்த்து எடுக்கப்பட்டதால் அந்தத் தழும்பு உண்மைக் காசிலும் இருக்கும். அக்காசுகளின் இருபுற நடுவிலும் காணும் சிறு குழியும் சேதம் அன்று, தயாரிப்பின்போதே ஏற்பட்டது. அதைச் சேதம் என்று எண்ணி ஒரு நல்ல காசைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்தின் ஓரங்கள் சோப்பில் பதித்ததுபோல் மழுங்கி, பரப்பில் சிறு குமிழித் துளைகள் இருந்தால் அப்போது சந்தேகப்படுங்கள். மங்கிப்போன முடிக்கற்றைகளையும் இறகுகளையும் ஊசியால் புதிதாகக் கீறி விலை ஏற்றுவதும் உண்டு. உருப்பெருக்கியில் அந்தக் கோடுகள் களிம்பை வெட்டிக்கொண்டு போவது தெரியும்.

7. எழுத்தைப் படியுங்கள்

கிரேக்க மொழி கற்க வேண்டியதில்லை. இருபத்து நான்கு பெரிய எழுத்துகளை அடையாளம் காண ஒரு வார மாலைகள் போதும். ஆங்கிலம் அறிந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலப் "பி" போலத் தெரிவது கிரேக்கத்தில் "ரோ", அதாவது ரகர ஒலி. "எச்" போலத் தெரிவது நெட்டுயிரான "ஏட்டா". பிற்காலக் காசுகளில் "சிக்மா" பிறைபோல வளைந்து, ஆங்கிலச் "சி"யைப் போலவே இருக்கும்.

காசில் உள்ள சொல் பெரும்பாலும் ஒரு பெயரின் உடைமை வடிவம். நாம் ஆறாம் வேற்றுமை என்று படித்ததுதான். "சிராகோசியோன்" என்றால் சிராகூஸ் மக்களுடையது. "ஹியரோனோஸ்" என்றால் ஹியரோனுடையது. "ப்தோலெமாயூ பசிலியோஸ்" என்றால் அரசர் தாலமியுடையது. இந்த வேறுபாடு அடுத்த படிகளுக்கு மிக முக்கியம். மக்களின் பெயரில் வந்த காசில் உள்ள தெய்வத்துக்கும், அரசரின் பெயரில் வந்த காசில் உள்ள தெய்வத்துக்கும் அங்கே இருக்கும் காரணம் வேறு வேறாகவே பெரும்பாலும் இருக்கும்.

சில காசுகளில் ஆண்டும் இருக்கும். சிரியாவை ஆண்ட செலூசிட் மரபினர் கி.மு. 312இல் தொடங்கும் ஆண்டுக்கணக்கை எழுத்துகளால் குறித்தார்கள். ஏழாம் அந்தியோகசின் காசில் "தெல்தா, ஓமிக்ரான், ரோ" என்று இருந்தால் 4, 70, 100 ஆகியவற்றைக் கூட்டி 174. அது கி.மு. 139-138. இவ்வளவு துல்லியமான தேதி உள்ள காசைப் புதியவர் 40 பவுண்டுக்குள் வாங்கலாம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. அக்காசின் முன்புறம் சிறகுள்ள காதல் தெய்வம் ஈரோஸ், பின்புறம் பசுக் கொம்புகளுக்கு நடுவே சூரிய வட்டமும் இறகுகளும் கொண்ட, எகிப்தியத் தேவி ஐசிசின் தலையணி.

8. தெய்வத்தை முகத்தால் அன்றிக் கையிலுள்ளதால் அடையாளம் காணுங்கள்

வேலைக் கண்டதும் முருகன் என்றும் சங்கு சக்கரத்தைக் கண்டதும் திருமால் என்றும் அறிந்துகொள்ளும் நமக்கு இது கடினமான வேலை இல்லை. தாடி வைத்த முகத்தைப் பார்த்து ஜீயஸா பொசைடனா என்று சொல்ல முடியாது. இலை மாலை சூடி, பின்புறம் கழுகோ இடியாயுதமோ இருந்தால் ஜீயஸ். துணிப்பட்டை கட்டி, பின்புறம் திரிசூலமோ டால்பினோ இருந்தால் பொசைடன். தாடியோடு ஆட்டுக்கடாக் கொம்பும் இருந்தால் ஜீயஸ்-அம்மோன். தலைக்கவசமும் ஆந்தையும் ஏதீனாவுக்கு. இலை மாலை, யாழ், முக்காலி அப்போலோவுக்கு. அம்பறாத்தூணியும் மானும் ஆர்ட்டெமிசுக்கு, எபேசஸ் நகரில் மட்டும் தேனீயும் அவளுடையது. ஐவிக் கொடி மாலை, திராட்சை, பைன் காய் முனைகொண்ட கோல் மதுத் தெய்வமான டயோனிசசுக்கு. தானியக் கதிரும் தீப்பந்தமும் விளைச்சல் தேவியான டெமீட்டருக்கு. பாம்பு சுற்றிய ஒற்றைத் தடி மருத்துவத் தெய்வமான அஸ்கிளெப்பியசுக்கு. இரண்டு பாம்புகள் பின்னிய கோல் தூதுவரான ஹெர்மிசுக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. சிங்கத்தோலும் கதாயுதமும் ஹெராக்ளிசுக்கு. மதில் சுவர்போன்ற கிரீடம் தரித்த பெண் அந்த நகரத்தின் நற்பேற்றுத் தேவி.

இங்கே நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஹியரோனின் காசைத் திருப்பியவுடன் நம் கண்ணுக்குத் தெரிவது சிவபெருமானின் சூலம். நானும் அப்படித்தான் மகிழ்ந்து ஒரு பக்கம் எழுதி வைத்தேன். பொசைடனின் மும்முனை ஆயுதம் மத்தியதரைக் கடல் மீனவர்களின் மீன்குத்தி. அதன் தண்டின் இருபுறமும் டால்பின்கள் இருப்பதைக் கவனித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். உருவம் ஒத்திருப்பதால் பொருளும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஆந்தை நமக்கு அபசகுனம், ஏதென்ஸ்காரருக்குத் தம் தேவியின் பறவை.

9. தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள்

எடை, எழுத்து, தெய்வம் மூன்றும் கையில் இருந்தால் தேடல் அரை மணி நேர வேலை. அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் "செலூசிட் காயின்ஸ் ஆன்லைன்", "தாலமெய்க் காயின்ஸ் ஆன்லைன்" ஆகியவை கட்டணமில்லாதவை. பேரரசர் அலெக்சாந்தரின் காசுகளுக்கு அதே கழகத்தின் "பெல்லா" இருக்கிறது. திரேஸ் போன்ற பகுதிகளுக்குப் பெர்லினிலிருந்து நடத்தப்படும் "கார்ப்பஸ் நும்மோரும்". ரோமானியர் ஆட்சிக்காலத்துக் கிரேக்க நகரக் காசுகளுக்கு ஆக்ஸ்போர்டின் "ஆர்.பி.சி. ஆன்லைன்". பழைய ஏல விலைகளைப் பார்க்க "ஏசி சர்ச்". ஏலக் குறிப்புகளில் "எஸ்.என்.ஜி. கோப்பன்ஹேகன்" என்று ஓர் எண்ணோடு இருந்தால், அது கோப்பன்ஹேகன் அருங்காட்சியகச் சேகரிப்பின் அச்சிட்ட பட்டியலைக் குறிக்கிறது. விற்பனையாளர் தந்த எண்ணை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். அந்த எண் வேறு நகரத்தின் காசுக்கு உரியதாக இருந்தது எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது. நேரில் ஒப்பிட விரும்பினால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் முன்பதிவு செய்து, என்ன பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்கலாம்.

10. இப்போது பொருள் காணத் தொடங்கலாம்

இரண்டு காசுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஏதென்ஸ் அருகிலுள்ள எலியூசிசின் பெயரில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வந்த சிறு வெண்கலம். விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், நம் விரல் நகத்தளவு. ஒருபுறம் பாம்புகள் இழுக்கும் சிறகுள்ள தேரில் கதிர் ஏந்தி அமர்ந்திருப்பவர் திரிப்டோலெமோஸ். உலகத்துக்கு விவசாயத்தைக் கற்றுக்கொடுக்கும்படி டெமீட்டர் அனுப்பியவர். மறுபுறம் ஒரு பன்றி. மேலே "எலெவ்சி" என்ற எழுத்துகள். பன்றியின் காலடியில் இருப்பது தரைக்கோடு என்றுதான் முதலில் தோன்றும். விளக்கைத் தாழ்த்தி உருப்பெருக்கியில் பாருங்கள். கோட்டில் இடைவெளி விட்டுக் கட்டுகள் தெரியும். அது இலைக்கொத்துகளைச் சேர்த்துக் கட்டிய கோல். எலியூசிசில் டெமீட்டரின் இரகசியச் சடங்கில் தீட்சை பெறப் போனவர்கள் ஊர்வலத்தில் கையில் ஏந்தியது அது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பன்றிக்குட்டியைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தம்மோடு நீராட்டிப் பின்னர் டெமீட்டருக்குப் பலியிட்டார்கள். தீட்சை மண்டபத்துக்குள் நடந்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை வரை போகலாம். ஆகவே காசில் வந்திருப்பவை வெளியே எல்லோரும் பார்க்கக் கூடியவை மட்டுமே: கதையின் தலைவர், ஊர்வலக் கோல், பலி விலங்கு. விற்பனைக் குறிப்புகளில் இக்காசை "எலியூசிஸ் இரகசியத்தின் சாவி" என்ற தொனியில் வருணித்தால் அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அமிசோசின் காசு. 21 மில்லிமீட்டர், ஏழெட்டு கிராம். ஒருபுறம் நடுவில் கோர்கன் என்னும் அரக்கியின் தலை பதித்த ஏஜிஸ் என்னும் தெய்வக் கவசம். மறுபுறம் பனையோலை ஏந்தி நடக்கும் வெற்றித் தேவி நைக்கி, இருபுறமும் நகரின் பெயர். இது ஏதீனாவின் கவசம், ஆகவே அமிசோஸ் மக்கள் ஏதீனாவை வழிபட்டார்கள் என்று நான் எழுதி வைத்திருந்தேன். தரவுத்தளத்தில் தேடியபோதுதான் இதே இரு உருவங்கள் சினோப்பே, கொமானா, கபெய்ரா ஆகிய நகரங்களின் காசுகளிலும் அப்படியே இருப்பதையும், ஊர்ப்பெயர் மட்டும் மாறுவதையும் கண்டேன். அந்த நகரங்கள் எல்லாம் கி.மு. 120 முதல் 63 வரை பொன்டஸ் நாட்டை ஆண்ட ஆறாம் மித்ரிடேட்டிசின் கீழ் இருந்தவை. கோர்கனின் தலையை வெட்டிய வீரன் பெர்சியசுக்கு இக்காசு வரிசையில் தனி இடம் உண்டு. பெர்சியசைப் பாரசீகரின் மூதாதையாகக் கிரேக்கர் கருதினார்கள், மித்ரிடேட்டிசோ பாரசீக அரச வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். தன் பெயரோடு டயோனிசஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டவர். அதே நகரங்கள் டயோனிசசின் கூடையும் கோலும் பதித்த காசுகளையும் வெளியிட்டன. ஆகவே நகரத்தின் பெயரில் வந்திருந்தாலும் இந்தக் காசின் தெய்வங்கள் அரசரின் தேர்வு என்றே கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு காசுகளிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஒரு சின்னத்துக்குப் பொருள் எழுதுவதற்கு முன், அதே சின்னம் அண்டை நகரங்களிலும் வருகிறதா என்று பார்க்கிறேன். வராவிட்டால் உள்ளூர்க் கோயிலைத் தேடுகிறேன். கிரீஸ் நாட்டு நகரமானால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களை எழுதி வைத்த பவுசானியசையும், ஆசியா மைனர் (இன்றைய துருக்கிப் பகுதி) நகரமானால் பொன்டஸ் நாட்டிலேயே பிறந்த ஸ்டிராபோவையும் பார்க்கிறேன். இருவரின் நூல்களும் மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசியா மைனரின் பெர்கமோன் நகரக் காசில் "மீட்பராகிய அஸ்கிளெப்பியசுடையது" என்ற எழுத்தோடு பாம்பு சுற்றிய தடி வருவது, அங்கிருந்த புகழ்பெற்ற அஸ்கிளெப்பியஸ் கோயிலோடு நேராகப் பொருந்துகிறது. இப்படிப் பொருந்தும் காசுகள் உண்டு. பொருந்தாதபோது வலிந்து பொருத்தக் கூடாது. இந்தோ-கிரேக்க அரசர் மினாந்தரின் சிறு காசு ஒன்றில் எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் இருக்கிறது. பௌத்த மரபில் மிலிந்தனாகப் போற்றப்படுபவர் அவர் என்பதால் அதைத் தருமச் சக்கரம் என்று சிலரும், ஆட்சிச் சக்கரம் என்று சிலரும் சொல்கிறார்கள். உங்கள் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

11. பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை வையுங்கள். எடை, விட்டம், மணித்திசை, எழுத்து, மேற்கோள் எண், வாங்கிய இடம், தேதி, மொத்தச் செலவு, முந்தைய உரிமையாளர் ஆகியவற்றை மையால் எழுதுங்கள். சின்னத்தின் பொருளை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், அது மாறக்கூடியது. மெத்தென்ற பி.வி.சி. உறைகளில் வைக்காதீர்கள், அவற்றிலிருந்து கசியும் பொருள் வெண்கலத்தை அரிக்கும். மைலார் என்னும் பிளாஸ்டிக் உறையோ அமிலமற்ற காகித உறையோ நல்லது. மரத்தட்டானால் மகோகனி சரி. ஓக் மரம் வெளிவிடும் அமிலம் கெடுதல் செய்யும்.

தாயகத்துக்குப் போகும்போது காட்டுவதற்காகக் காசுகளை எடுத்துச் செல்லாதீர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள்தான், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்ததுதான் என்பதைத் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் நிரூபிக்கத் திண்டாட வேண்டிவரும். இலங்கையிலும் அனுமதியின்றித் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த கிரேக்க நாணயங்களை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டிருப்பதால், ஊரில் யாராவது "எங்கள் ஆற்றில் எடுத்தது" என்று உங்களிடம் ஒரு காசை நீட்டவும் கூடும். விலை பேசாதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, காசைக் கழுவாமல் அப்படியே ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகைச்சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.